நரம்புச் சீரமைப்பில் குருத்தணு மருத்துவம்

நரம்புச் சீரமைப்பில் குருத்தணு மருத்துவம் என்பது, காயத்தாலோ நோயாலோ சிதைந்த நரம்புகளைச் சரிசெய்வதற்குக் குருத்தணுக்களைப் பயன்படுத்தும் முயற்சியைக் குறிக்கும். செய்தித்தாள்களில் இது ஸ்டெம் செல் சிகிச்சை என்ற பெயரால் அறியப்படுகிறது. இரத்தப் புற்றுநோய், தாலசீமியா முதலிய இரத்த நோய்கள் சிலவற்றுக்குக் குருத்தணு மாற்று நிலைபெற்ற மருத்துவமாகும். நரம்புச் சிதைவைப் பொறுத்தவரை அது இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. இவ்வேறுபாட்டை அறியாமையால் பல குடும்பங்கள் பெரும் பொருளைச் செலவிட்டுப் பயன் காணாமற் போகின்றன.

தமிழ்நாட்டின் வேலூர், குடியாத்தம் வட்டாரம் இப்பொருளுடன் இரு வகையில் தொடர்புடையது. இந்தியாவின் முதன்மையான குருத்தணு ஆய்வு மையங்களுள் ஒன்று வேலூரில் அமைந்துள்ளது. மேலும், தொழுநோயால் சிதைந்த நரம்புகளின் விளைவுகளை அறுவை மருத்துவத்தால் சரிசெய்யும் முறைகள் 1940களின் இறுதியிலிருந்து இவ்வட்டாரத்தில் உருவாகி, உலகின் பிற பகுதிகளுக்கும் பரவின.

நரம்பின் அமைப்பு

நரம்பு மண்டலம் இரு பிரிவுகளைக் கொண்டது. மூளையும் தண்டுவடமும் சேர்ந்தது மைய நரம்பு மண்டலம். அவற்றிலிருந்து கை, கால், தோல், உள்ளுறுப்புகள் ஆகியவற்றுக்குச் செல்பவை புற நரம்புகள்.

நரம்பணு ஒவ்வொன்றும் ஓர் உடலையும் அதிலிருந்து நீளும் நரம்பிழையையும் கொண்டது. கால் விரலை அசைக்கும் நரம்பணுவின் உடல் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் உள்ளது. அதன் இழை ஏறத்தாழ ஒரு மீட்டர் தொலைவு ஓடிப் பாதத்தை அடைகிறது. இந்த இழையைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்பு உறை உள்ளது. மின்கம்பியின் மேலுறை போல இது செய்திகள் விரைவாகச் செல்ல உதவுகிறது. புற நரம்புகளில் இவ்வுறையைச் சுவான் உயிரணுக்கள் உருவாக்குகின்றன. மைய நரம்பு மண்டலத்தில் இப்பணியை ஒலிகோடென்ட்ரோசைட்டு எனப்படும் வேறு வகை உயிரணுக்கள் செய்கின்றன. நரம்பு தன்னைத் தானே சீர்செய்துகொள்ளுமா என்பது பெருமளவு இவ்வேறுபாட்டைச் சார்ந்தது.

நரம்புச் சிதைவின் காரணங்கள்

நரம்புகள் பல வழிகளில் சிதைகின்றன. அவற்றுள் முக்கியமானவை:

* விபத்து: இருசக்கர வாகன விபத்தில் தோள்பட்டை இழுபட்டுக் கைக்குச் செல்லும் நரம்புப் பின்னல் அறுந்துபோதல், உயரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் நசுங்குதல்.
* நீரிழிவு நோய்: நீண்ட காலக் கட்டுப்பாடின்மையால் பாதங்களில் உணர்ச்சி குறைதல்.
* தொழுநோய்: இதன் நுண்ணுயிரி சுவான் உயிரணுக்களுக்குள் குடியேறுதல்.
* வேதிப்பொருள்கள்: கரைப்பான்கள், ஈயம், சில மருந்துகள் முதலியன.

கடைசியாகக் கூறப்பட்டது காலணித் தொழிலுடன் நேரடித் தொடர்புடையது. காலணி ஒட்டும் பசைகளில் கரைப்பானாகச் சேர்க்கப்பட்ட எக்சேன் என்னும் நீர்மத்தின் ஆவியை நெடுநாள் சுவாசித்த தொழிலாளர்களுக்குக் கை கால்களில் மரத்தலும் தசைத் தளர்ச்சியும் ஏற்பட்டமை 1960களில் சப்பானில் பதிவானது. இத்தாலியின் காலணித் தொழிலாளர்களிடமும் இந்நோய் கண்டறியப்பட்டது. எக்சேன் உடலினுள் வேறொரு பொருளாக மாறி, நீண்ட நரம்பிழைகளின் நுனியை முதலில் தாக்குகிறது. வேலையிடத்தில் நல்ல காற்றோட்டம் அமைப்பதும், தீங்கு குறைந்த பசைகளுக்கு மாறுவதும் இதனைத் தடுக்கும் வழிகளாகும். ஆவியிலிருந்து விலகிய பின் பலரும் மெல்ல மெல்லத் தேறுகின்றனர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு போன்ற தோல், காலணித் தொழில் ஊர்களில் இச்செய்தி அனைவரும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

இயல்பான மீள்வளர்ச்சியும் அதன் எல்லையும்

துண்டிக்கப்பட்ட நரம்பிழையில், வெட்டுக்கு அப்பாலுள்ள பகுதி சிதைந்து அழிவதை ஆங்கிலேய அறிவியலாளர் அகஸ்டஸ் வாலர் 1850 இல் விளக்கினார். புற நரம்புகளில் இச்சிதைவுக்குப் பின் சுவான் உயிரணுக்கள் பெருகி, வரிசையாக அமைந்து, புதிய இழை வளர்வதற்கான பாதையை அமைக்கின்றன. நரம்பணுவின் உடல் உயிருடன் இருந்தால் அறுபட்ட முனையிலிருந்து புதிய இழை அப்பாதை வழியே வளரும்.

இவ்வளர்ச்சியின் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் ஆகும். தோளருகே நரம்பு அறுந்த ஒருவரின் உள்ளங்கைத் தசைகளை அடைய, இழை சுமார் 60 சென்டிமீட்டர் வளர வேண்டும். அதற்கு 600 நாள்கள், அதாவது ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். நரம்புத் தொடர்பு இழந்த தசையோ ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் மீள இயலாதவாறு சுருங்கிவிடுகிறது. எனவே நரம்பு வளர்ந்து சேர்ந்தாலும், அது இயக்குவதற்குத் தசை எஞ்சியிருப்பதில்லை. உயரே ஏற்படும் நரம்புக் காயங்களில் கை முழுமையாகத் தேறாமைக்கு இதுவே முக்கியக் காரணம்.

மைய நரம்பு மண்டலத்தில் நிலைமை இன்னும் கடினமானது. முதிர்ந்த மூளையிலும் தண்டுவடத்திலும் அறுந்த இழைகள் குறிப்பிடத்தக்க அளவு மீண்டும் வளர்வதில்லை. 1906 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற எசுப்பானிய அறிவியலாளர் சான்டியாகோ ரமோன் இ கஹால் இதனை விரிவாக ஆராய்ந்தார். 1981 இல் கனடாவில் சாமுவேல் டேவிட், ஆல்பர்ட் அகுவாயோ ஆகியோர் எலியின் புற நரம்புத் துண்டு ஒன்றைத் தண்டுவடத்துடன் இணைத்தனர். வளராது எனக் கருதப்பட்ட மைய நரம்பிழைகள் அத்துண்டினுள் சில சென்டிமீட்டர் தொலைவு வளர்ந்தன. தடை நரம்பணுவில் மட்டும் இல்லை, அதன் சூழலிலும் உள்ளது என்பதை இச்சோதனை காட்டியது. காயம்பட்ட இடத்தில் உருவாகும் தழும்பும், மைய மயலினிலுள்ள சில புரதங்களும் வளர்ச்சியைத் தடுக்கின்றன எனப் பின்னர் அறியப்பட்டது.

குருத்தணுக்கள்

தன்னைப் போன்ற உயிரணுக்களைத் தொடர்ந்து உருவாக்கவும், வேறு வகை உயிரணுக்களாக முதிரவும் வல்லவை குருத்தணுக்கள் ஆகும். நரம்பு ஆய்வில் பயன்படுபவை மூன்று வகையின:

* முளையக் குருத்தணுக்கள்: தொடக்க நிலை முளையத்திலிருந்து பெறப்படுபவை, உடலின் எல்லா வகை உயிரணுக்களாகவும் மாறக்கூடியவை. மனித முளையக் குருத்தணுக்களை 1998 இல் அமெரிக்காவின் ஜேம்ஸ் தாம்சன் குழுவினர் முதன்முதலில் ஆய்வகத்தில் வளர்த்தனர்.
* தூண்டப்பட்ட குருத்தணுக்கள்: முதிர்ந்த தோல் அல்லது இரத்த உயிரணுவில் சில மரபணுக்களைச் செலுத்தி, குருத்தணு நிலைக்குத் திருப்பப்பட்டவை. சப்பானின் சின்யா யமனாக்கா 2006 இல் எலியிலும் 2007 இல் மனித உயிரணுவிலும் இதைச் செய்து காட்டி, 2012 இல் ஜான் கர்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.
* இடைநுழைத் திசுக் குருத்தணுக்கள்: எலும்பு மச்சை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றிலிருந்து கிடைப்பவை. எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு ஆகியவையாக மாறுவது இவற்றின் இயல்பு. உடலினுள் செலுத்தப்பட்டபின் இவை செயற்படும் நரம்பணுக்களாக மாறுகின்றன என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

தனியார் மருத்துவமனைகள் சிலவற்றில் நரம்பு நோய்களுக்கெனச் செலுத்தப்படுபவை பெரும்பாலும் மூன்றாம் வகையைச் சேர்ந்தவை. எளிதில் கிடைப்பதே இதற்குக் காரணம்.

இரத்தமும் நரம்பும்

இரத்த நோய்களில் வெற்றி பெற்ற குருத்தணு மாற்று, நரம்பில் ஏன் அவ்வாறு வெற்றி பெறவில்லை என்ற கேள்வி இயல்பாக எழும். இரத்த அணுக்களுக்கு நிலையான இருப்பிடம் இல்லை. நாளத்தில் செலுத்தப்படும் இரத்தக் குருத்தணுக்கள் தாமாகவே எலும்பு மச்சையைச் சென்றடைந்து, அங்கு தங்கிப் பெருகுகின்றன. அவை உருவாக்கும் அணுக்கள் இரத்தத்தில் மிதந்து சென்றாலே போதும்.

நரம்பணு அத்தகையதன்று. அது உரிய இடத்தில் அமைய வேண்டும், உரிய திசையில் நீண்ட இழையை வளர்க்க வேண்டும், ஆயிரக்கணக்கான நரம்பணுக்களுள் உரியவற்றுடன் மட்டும் இணைய வேண்டும். ஆகவே பெரும்பாலான ஆய்வாளர்கள் இன்று இழந்த நரம்பணுவுக்கு மாற்று வைப்பதை மட்டும் நோக்கமாகக் கொள்வதில்லை. மயலின் இழந்த இழைகளுக்குப் புதிய உறை அமைத்தல், வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைச் சுரக்கச் செய்தல், அழற்சியைக் குறைத்தல், அறுந்த நரம்பின் இடைவெளியில் சுவான் உயிரணுக்களைப் போன்றவற்றை நிரப்பிப் பாதை அமைத்தல் ஆகியவையும் ஆராயப்படுகின்றன. விலங்குகளில் இவற்றுட் பல பயன் தந்துள்ளன.

மனிதரில் ஆய்வுகள்

தண்டுவடக் காயத்துக்கு முளையக் குருத்தணுக்களிலிருந்து பெற்ற உயிரணுக்களைச் செலுத்தும் முதல் ஆய்வை அமெரிக்காவின் ஜெரான் நிறுவனம் 2010 அக்டோபரில் தொடங்கியது. நிதிக் காரணங்களைக் கூறி அந்நிறுவனம் 2011 நவம்பரில் அதனைக் கைவிட்டது. அதற்குள் ஐவருக்கு மட்டுமே சிகிச்சை அளிக்கப்பட்டிருந்தது. பெருந்தீங்கு எதுவும் காணப்படவில்லை. குறிப்பிடத்தக்க முன்னேற்றமும் காணப்படவில்லை.

சப்பானின் கேயோ பல்கலைக்கழகத்தில் ஹிதேயுகி ஒகானோ, மசாயா நகமுரா ஆகியோரின் குழு, தூண்டப்பட்ட குருத்தணுக்களிலிருந்து உருவாக்கிய நரம்பு முன்னோடி உயிரணுக்களை 2021 டிசம்பரில் முதல் நோயருக்குச் செலுத்தியது. நால்வருக்குச் செய்யப்பட்ட இவ்வாய்வின் முடிவுகள் 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்டன. ஒவ்வொருவருக்கும் சுமார் 20 இலட்சம் உயிரணுக்கள் காயத்தின் இடத்திலேயே செலுத்தப்பட்டிருந்தன. நால்வருள் இருவருக்கு இயக்கத்தில் தெளிவான முன்னேற்றம் ஏற்பட்டது. ஒருவர் உதவியின்றி எழுந்து நிற்கும் நிலையை அடைந்தார். மற்ற இருவருக்கு அத்தகைய மாற்றம் இல்லை.

அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 2024 இல் வெளியிட்ட ஆய்வில், தம் கொழுப்பிலிருந்தே எடுத்து வளர்க்கப்பட்ட குருத்தணுக்களைப் பெற்ற 10 பேரில் 7 பேர் தண்டுவடக் காய அளவுகோலில் ஒரு படியேனும் முன்னேறினர்.

இவை நம்பிக்கை தருவனவே. எனினும் இவற்றில் ஒப்பீட்டுக் குழு இல்லை. தண்டுவடக் காயம் பட்டவருள் ஒரு பகுதியினர் முதல் ஓராண்டில் எச்சிறப்புச் சிகிச்சையும் இன்றி ஓரளவு தேறுவது உண்டு. தீவிரமான உடற்பயிற்சியும் பயன் தருகிறது. ஒரே வகையான பயிற்சியை இரு குழுவினருக்கும் அளித்து, ஒரு குழுவுக்கு மட்டும் குருத்தணு செலுத்தி ஒப்பிட்டாலன்றி, முன்னேற்றத்தின் காரணத்தை உறுதியாகக் கூற இயலாது.

வேலூர், குடியாத்தம் வட்டாரம்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் எலும்பு மச்சை மாற்று செய்யப்பட்டு வருகிறது. இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவுடன் குருத்தணு ஆய்வு மையம் ஒன்று 2005 இல் அங்கு உருவாக்கப்பட்டது. பின்னர் இது பெங்களூரிலுள்ள குருத்தணு உயிரியல் மற்றும் மீளாக்க மருத்துவ நிறுவனத்தின் ஒரு பிரிவாக ஆனது. இம்மையம் சார்ந்த அலோக் சிறீவஸ்தவா குழுவினர், கடுமையான ஹீமோஃபீலியா உள்ள ஐவருக்கு அவர்களுடைய இரத்தக் குருத்தணுக்களிலேயே குறையுள்ள மரபணுவின் நல்ல படியைச் சேர்த்துச் செலுத்திய ஆய்வின் முடிவுகளை 2024 டிசம்பரில் வெளியிட்டனர். சிகிச்சைக்குப் பின் இவர்களிடம் இரத்தப்போக்கு நிகழ்வுகள் நின்றன. இதுவும் இரத்தம் சார்ந்த வெற்றியே என்பது கருதத்தக்கது.

நரம்புச் சிதைவைப் பொறுத்தவரை இவ்வட்டாரத்தின் பங்களிப்பு வேறு வகையானது. கொல்லி மலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் (1914–2003) 1946 இல் வேலூருக்கு வந்தார். தொழுநோயரின் விரல்கள் நோயினால் தாமாக அழுகி உதிர்கின்றன என்பதே அக்காலக் கருத்து. உணர்ச்சி இழந்த கை, சூட்டையும் வெட்டையும் அழுத்தத்தையும் அறியாமல் மீண்டும் மீண்டும் காயப்படுவதே அழிவுக்குக் காரணம் என்பதைப் பிராண்ட் எடுத்துக்காட்டினார்.

முழங்கை இடிபடும்போது சுண்டுவிரல் வரை சுரீரென்று பாயும் உணர்ச்சியைத் தருவது அல்நார் நரம்பு. தோலுக்கு அருகில் குளிர்ச்சியான இடத்தில் ஓடும் இத்தகைய நரம்புகளைத் தொழுநோய் பெரிதும் தாக்குகிறது. உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் நகம் போல் மடங்குகின்றன. ஆனால் முன்கையின் பல தசைகளுக்குச் செல்லும் நரம்புகள் பாதிக்கப்படுவதில்லை. அவ்வாறு நலமாக உள்ள தசையின் நாணை எடுத்து விரல்களில் இணைக்கும் தசைநாண் மாற்று அறுவையை பிராண்ட் 1948 முதல் தொழுநோயருக்குச் செய்தார். சிதைந்த நரம்பு அப்படியே இருக்க, கை மீண்டும் வேலை செய்யத் தொடங்கியது.

1955 இல் வேலூருக்கு அருகிலுள்ள கரிகிரியில் ஷீஃப்ளின் தொழுநோய் ஆய்வு மருத்துவமனை தொடங்கப்பட்டது. இதன் களப்பணி குடியாத்தம் வட்டத்தில் நடைபெற்றது. 1960களிலும் 1970களிலும் அங்குள்ள ஊர்களில் வீடுவீடாக நடத்தப்பட்ட கணக்கெடுப்புகள், ஒரே வீட்டில் வாழ்வோரிடையே தொழுநோய் எவ்வாறு பரவுகிறது என்பதை அறிய உதவின. உணர்ச்சியற்ற பாதங்களுக்கென நுண்துளை இரப்பர் பதித்த காலணிகளும் இங்கு செய்யப்பட்டன. மெத்தென்ற அடித்தளம் உடல் எடையைப் பாதம் முழுவதும் பரப்புவதால் புண் ஏற்படுவது குறைகிறது. தோல் தொழில் சிறந்த ஒரு வட்டாரத்தில், எளிய செருப்பு ஒன்று மருத்துவக் கருவியாக ஆயிற்று.

பிராண்டின் மாணவர் மேரி வர்கீஸ் 1954 இல் நேர்ந்த வாகன விபத்தில் தண்டுவடம் சிதைந்து கால்களின் இயக்கத்தை இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1963 இல் வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966 இல் அங்கு தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. சிறுநீரகத் தொற்றையும் படுக்கைப் புண்ணையும் தடுத்தல், சக்கர நாற்காலியைக் கையாளுதல், தொழில் பயிற்சி ஆகியவை தண்டுவடக் காயமுற்றோரின் வாழ்நாளையும் வாழ்வையும் நீட்டிக்கின்றன.

தொழுநோய் நுண்ணுயிரியும் குருத்தணுவும்

தொழுநோய் ஆய்வு எதிர்பாராத வகையில் குருத்தணு ஆய்வுடன் இணைந்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் அனுர ரம்புக்கன குழுவினர் 2013 இல் வெளியிட்ட ஆய்வில், தொழுநோய் நுண்ணுயிரி எலியின் முதிர்ந்த சுவான் உயிரணுக்களைக் குருத்தணு போன்ற நிலைக்குத் திருப்புவதைக் கண்டறிந்தனர். அவ்வாறு மாறிய உயிரணுக்கள் தசை முதலிய பிற திசுக்களாக மாறி, நுண்ணுயிரி பரவுவதற்கு உதவின. 2022 இல் இதே குழு, தொழுநோய்த் தொற்றுள்ள ஆர்மடில்லோ விலங்கின் கல்லீரல் தழும்போ கட்டியோ இன்றி இயல்பான அமைப்புடன் பெரிதாக வளர்வதைக் காட்டியது. நரம்பை அழிக்கும் உயிரி கையாளும் வழியைக் கற்று, திசுக்களை மீட்கப் பயன்படுத்த இயலுமா என்பது இப்போதைய கேள்வியாகும்.

தீங்குகள்

குருத்தணுவின் பெருகும் ஆற்றலே அதன் ஆபத்தும் ஆகும். உருசியாவில் கருவின் நரம்புக் குருத்தணுக்கள் செலுத்தப்பட்ட இசுரேலியச் சிறுவன் ஒருவனின் மூளையிலும் தண்டுவடத்திலும், கொடையாளியின் உயிரணுக்களிலிருந்து கட்டிகள் உருவானமை 2009 இல் வெளியானது. மூக்கின் உட்தோல் உயிரணுக்கள் தண்டுவடத்தில் வைக்கப்பட்ட ஒருவருக்கு எட்டு ஆண்டுகளுக்குப் பின் அவ்விடத்தில் சளி சுரக்கும் திரள் வளர்ந்திருந்தது 2014 இல் அறிவிக்கப்பட்டது. தண்டுவட நீரில் ஊசி செலுத்துவதால் தொற்றும், பிறர் உயிரணுக்களைப் பெறும்போது உட்கொள்ளும் எதிர்ப்பாற்றல் குறைப்பு மருந்துகளால் நோய்களும் நேரலாம். நலிந்த நோயருக்குக் காலமும் பொருளும் வீணாவது மற்றொரு தீங்கு. நரம்பு ஒட்டு அறுவைக்கும் தசைநாண் மாற்றுக்கும் உரிய காலம் உண்டு; அதைத் தவறவிட்டால் திரும்பப் பெற இயலாது.

இந்தியாவில் விதிமுறைகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இணைந்து 2007 இல் குருத்தணு ஆய்வு, சிகிச்சை ஆகியவற்றுக்கான நெறிமுறைகளை வெளியிட்டன. 2013 இல் திருத்தி வெளியிட்டபோது தலைப்பிலிருந்த சிகிச்சை என்ற சொல் நீக்கப்பட்டது. நிலைபெறாத ஒன்றைச் சிகிச்சை என அழைப்பது மக்களை மயக்கும் என்பதே காரணம். 2017 ஆம் ஆண்டு நெறிமுறையின்படி, ஏற்கப்பட்ட இரத்த நோய்கள் முதலியவற்றுக்கான இரத்தக் குருத்தணு மாற்று மட்டுமே வழக்கமான மருத்துவம். ஏனைய பயன்பாடுகள் அனைத்தும் முறையான ஆய்வாக மட்டுமே நடைபெற வேண்டும். ஆய்வில் பங்குபெறும் நோயரிடம் அதற்கெனக் கட்டணம் பெறுவது முறையன்று. 2019 ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள், ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவத்துக்கும் இழப்பீட்டுக்கும் வழி செய்கின்றன.

நோயரும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

நரம்புக்கெனக் குருத்தணு செலுத்துவதாக ஒரு மருத்துவமனை கூறினால், பின்வருவனவற்றைக் கேட்டறிவது நன்று:

* இது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிவு செய்யப்பட்ட ஆய்வா? அதன் பதிவு எண் என்ன?
* அறநெறிக் குழு ஒப்புதல் அளித்துள்ளதா?
* கட்டணம் கேட்கப்படுகிறதா? பதிவு பெற்ற ஆய்வு எனில் ஏன்?
* எவ்வகை உயிரணு, எங்கிருந்து எடுக்கப்பட்டது, எவ்விடத்தில் செலுத்தப்படும்?
* சிகிச்சை பெறாத நோயருடன் ஒப்பிட்ட முடிவுகள் உள்ளனவா?

தொழுநோயால் ஏற்படும் நரம்பு அழற்சி புதிதாக, ஆறு மாதங்களுக்குள் கண்டறியப்பட்டால், ஸ்டீராய்டு மருந்துகளால் நரம்பைக் காக்கும் வாய்ப்பு அதிகம். கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவ நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. தோலில் உணர்ச்சியற்ற தேமல், காரணமின்றி மரத்துப்போகும் கை கால், விரல்களின் வலுக்குறைவு ஆகியவற்றைக் கண்டவுடன் மருத்துவரை அணுகுவதே சிறந்த வழியாகும்.

இவற்றையும் பார்க்க

* குருத்தணு
* தண்டுவடம்
* தொழுநோய்
* பால் பிராண்ட்
* மேரி வர்கீஸ்
* குடியாத்தம்